பூண்டுப் பாத்தியில் ஊற்றிய வெந்நீர்

யோவ்,

உன் குல்லா பரணிலிருந்து நேராக என் தலையில் விழுந்தது. நீயே எறிந்திருந்தால்கூட இவ்வளவு குறி பார்த்து எறிந்திருக்க மாட்டாய். சுந்தரி ஸ்டூல் மேல் நின்று பரணைக் காலி செய்துகொண்டிருந்தாள். நான் கீழே நின்று, அவள் நீட்டுவதை வாங்கி வைக்கிற வேலையில் இருந்தேன். கைப்பிடி போன குக்கர், மகள் கல்யாணத்தில் மிஞ்சிய தாம்பூலப் பைகள், எதற்கு வைத்திருக்கிறோம் என்று அவளுக்கே தெரியாத மூன்று எவர்சில்வர் குடங்கள் என்று ஒவ்வொன்றாக இறங்கிக்கொண்டிருந்தன. நடுவில் ஒரு பிளாஸ்டிக் பை கிழிந்தது. கத்தரிப்பூ நிறத்தில் ஒரு குரங்குக் குல்லா, நாலைந்து அந்துருண்டைகளோடு என் உச்சந்தலையில் வந்து இறங்கியது. வெளியே அக்னி நட்சத்திரம் கொளுத்திக்கொண்டிருந்தது. அந்த வாசனை மூக்கில் ஏறியதும் என் உடம்பு வெடவெடவென்று நடுங்கியது. சிரிக்காதே, நிஜமாகவே நடுங்கியது.

"என்னாச்சுங்க?" என்றாள் சுந்தரி மேலேயிருந்து.

"அண்ணன் வந்திருக்காரு" என்றேன்.

அவள் எட்டிப் பார்த்தாள். குல்லாவை அடையாளம் தெரிந்ததும் மெதுவாக இறங்கி, அதைக் கையில் வாங்கித் தூசி தட்டித் திரும்ப என்னிடமே கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். நீ போன பிறகு மந்தாரக்குப்பத்தில் உன் அறையைக் காலி செய்து நான் எடுத்துவந்த பை அது. பதினான்கு மாதமாக அதைப் பிரிக்க எனக்குத் தைரியம் வரவில்லை. இப்போது அதுவாகவே பிரிந்துகொண்டது. குல்லாவுக்குள் சுருட்டிச் செருகியிருந்தது ஒரு நோட்டு. அட்டையில் உன் கோணல் கையெழுத்தில் 'லாக் புக்' என்று எழுதியிருந்தது.

உனக்கு விஷயம் தெரியாதே. இந்த மாதக் கடைசியோடு நானும் ரிட்டயர்டு. மாலை போட்டு, சால்வை போர்த்தி, வீட்டு வாசல்வரை கொண்டுவந்து விட்டுவிடுவார்கள். அப்புறம் அந்த வீட்டையே காலி செய்யச் சொல்லிக் கடிதம் வரும். நம் நெய்வேலியில் மட்டும்தான் வேலையும் வீடும் ஒன்றாகப் போகும். கோவில்பட்டிக்காரன், தேனிக்காரன், கடலூர்க்காரன் என்று எல்லோரும் இங்கே வந்து, ஒரே மாதிரி குவார்ட்டர்ஸில், ஒரே மாதிரி பச்சைக் கதவுக்குப் பின்னால் முப்பது வருடம் வாழ்ந்துவிட்டு, ஒருநாள் காலையில், ஆமாம், நமக்கு எந்த ஊர் என்று யோசிக்க ஆரம்பிப்பார்கள். நானும் யோசிக்கிறேன். ஆனால் எனக்கு அவர்களைப் போல யோசிக்கிற சுதந்திரம்கூட இல்லை. நீ கெடுத்து வைத்துவிட்டுப் போய்விட்டாய்.

போன வாரம் மரகதம் போன் செய்தாள். அதுதான், கொடைக்கானலுக்கும் மேலே, ஒரு நாளைக்கு இரண்டு பஸ் மட்டும் போகிற அந்த ஊரில் நமக்காக வீடு பிடித்து வைத்திருந்தாளே, அவள்தான். "அண்ணே, ஒரு வாத்தியாரு குடும்பம் வீடு கேட்டு வந்திருக்காங்க. நீங்க சொன்ன சொல்லுக்காக நான் நிறுத்தி வச்சிருக்கேன். ஞாயித்துக்கிழமைக்குள்ள வாறோம், வரலைன்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க" என்றாள். சுந்தரியிடம் கேட்டேன். "நீங்க எங்க போறீங்களோ அங்க வரேன். ஆனா அந்தக் குளிர்ல பாத்திரம் மட்டும் நீங்கதான் கழுவணும்" என்றாள். வேண்டாம் என்று அவள் ஒரேயடியாகச் சொல்லியிருந்தால் நான் பிழைத்திருப்பேன். எல்லாப் பழியும் அவள் மேல் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

இப்போது உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நீ உயிரோடு இருந்தவரை சொல்ல வாய் வரவில்லை. எனக்குக் குளிர் ஆகவே ஆகாது. அந்த மலை, அந்தப் பனி, அந்தப் பள்ளத்தாக்கு, எதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. கோவில்பட்டிக் கரிசல்காட்டு வெயிலில் பிறந்து, சுரங்கத்து வெயிலில் காய்ந்த உடம்பு இது. ஆனால் அது உன் ஆசை. உனக்கு மனைவியும் இல்லை, பிள்ளையும் இல்லை. உன் வீட்டம்மா கண்ணை மூடிய பிறகு நீ ஆசைப்பட்டு வாயைத் திறந்து கேட்டது அந்த ஒன்றைத்தான். போகலாம் என்று நான் உன் கையைப் பிடித்துச் சொல்லியிருக்கிறேன். நீ செத்துப்போய்விட்டாய் என்பதற்காகச் சொன்ன சொல்லை மாற்றிக்கொள்ளலாமா? இந்த ஒரு கேள்விதான் ஒரு வாரமாக என் தூக்கத்தைத் தின்றுகொண்டிருந்தது.

நம் இருவருக்கும் பழக்கமான கதை என்றாலும் எனக்கு இப்போது சொல்லிப் பார்க்க வேண்டும்போல இருக்கிறது. ஒரே மெஷின். மண்ணைச் சக்கரத்தால் வாரி வாரிக் கொட்டுகிற, தெருவே எழுந்து நடப்பது போன்ற அந்த ராட்சசனை நான் ஒரு ஷிப்ட் ஓட்டுவேன், அடுத்த ஷிப்ட் நீ. நீ எனக்கு ரிலீவர், உனக்கு நான். ரிலீவர் வந்து லாக் புக்கில் கையெழுத்துப் போட்டுச் சார்ஜ் எடுக்காமல், ஓட்டுகிறவன் சீட்டை விட்டு எழுந்திருக்கக் கூடாது. வரவில்லை என்றால் தொடர்ந்து அடுத்த ஷிப்டையும் நாமே ஓட்ட வேண்டும். இருபத்தாறு வருடத்தில் நீ ஒருநாள்கூட என்னை அப்படி மாட்டிவிட்டதில்லை. உன் அப்பா இறந்த அன்றுகூட வந்து சார்ஜ் எடுத்து, மாற்று ஆள் வந்த பிறகுதான் உன் ஊர் குள்ளஞ்சாவடிக்கு பஸ் ஏறினாய்.

வீடும் அப்படித்தான். இரட்டைக் குவார்ட்டர்ஸ், நடுவில் ஒரே சுவர். ஷிப்ட் முடிந்து வந்ததும் நீ அந்தச் சுவரில் மூன்று தட்டுத் தட்டுவாய். 'வந்துட்டேன்' என்று அர்த்தம். நானும் வந்தால் தட்டுவேன். சுந்தரி அந்தச் சத்தத்தை வைத்துத்தான் டீத்தண்ணீர் வைப்பாள். நேருக்கு நேர் நாம் பேசியது ஷிப்ட் மாறுகிற பத்து நிமிடமும் வார விடுமுறையும்தான். மிச்சமெல்லாம் சுவரும் லாக் புக்கும் பேசியதுதான்.

மலைக்குப் போகிற பேச்சை யார் முதலில் எடுத்தது என்பதில் நமக்குள் கடைசிவரை தகராறு. நீ என்கிறேன் நான். நீயோ என்னைக் கைகாட்டினாய். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஒரு மே மாதம், மதியம் இரண்டு மணிக்கு நீ சார்ஜ் எடுக்க வந்தாய். கீழே சுரங்கம் தகதகவென்று கொதித்துக்கொண்டிருந்தது. நான் பெஞ்சில் உட்கார்ந்து மோர் குடித்தபடி, "எங்கயாச்சும் குளுகுளுன்னு ஒரு ஊர்ல போய் விழுந்து கிடந்தா நல்லாருக்கும்யா" என்றேன். அது ஒரு பேச்சு. வெயிலில் வேலை செய்கிறவன் எவனும் சொல்கிற பேச்சு. நீ மோரை வாங்கி ஒரு மடக்குக் குடித்துவிட்டு, என்னையே ஒரு மாதிரி பார்த்து, "நெசமாவா சொல்ற?" என்றாய். "பின்ன?" என்றேன். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். மறுவாரமே நீ மலை மேல் வீடு தேட ஆரம்பித்துவிட்டாய்.

அதிலும் உனக்கு ஒரு விசித்திரமான நிபந்தனை. எந்த வீட்டைப் பற்றி யார் சொன்னாலும் முதலில் நீ கேட்டது தண்ணீர் வருமா என்றோ, பஸ் உண்டா என்றோ அல்ல. "ரெட்டை வூடா? நடுச்செவுரு ஒண்ணுதானா?" என்பதுதான். மரகதத்தின் வீடு அப்படி அமைந்தது. இரண்டு போர்ஷன், நடுவில் ஒரு சுவர். இந்த மனுஷன் மலையைப் பார்க்கப் போகிறானா, சுவரைப் பார்க்கப் போகிறானா என்று நான் சுந்தரியிடம் கிண்டல் செய்தேன்.

"எந்த மெஷினையும் ட்ரையல் ரன் இல்லாம எடுக்கக் கூடாதுய்யா. நம்ம ஒடம்பும் மெஷினுதான்" என்றாய். மந்தாரக்குப்பம் ரோட்டோரம் பனிக்காலத்தில் ஸ்வெட்டர் விற்க வருகிறவர்களிடம் இரண்டு குரங்குக் குல்லா வாங்கி வந்தாய். இரண்டும் கத்தரிப்பூ நிறம். என்னுடையதைச் சுந்தரி பிறகு அடுப்பிலிருந்து குக்கர் இறக்கப் பயன்படுத்தி, அது ஒருவழியாகக் கருகி முடிந்தது.

முதல் ட்ரையல் மெஷின் கேபினில் நடந்தது. ஷிப்ட் மாறுகிற நேரம். பராமரிப்புக்காக மெஷின் நின்றிருந்தது. வெளியே அடித்த வெயிலில் கைப்பிடிக் கம்பியைத் தொட்டால் தோல் உரியும். நீ ஏசியைப் பதினாறில் வைத்தாய். இருவரும் குல்லாவை மாட்டிக்கொண்டோம். கண் மட்டும் வெளியே. பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, கையை மடியில் வைத்துக்கொண்டு, குளிருக்காகக் காத்திருந்தோம். அந்த நேரம் பார்த்துப் புதிதாக வந்திருந்த அந்தப் பொடியன் இன்ஜினியர் ஏணி ஏறி வந்து கதவைத் திறந்தான். மே மாதத்து நெய்வேலியில், குரங்குக் குல்லா போட்ட இரண்டு கிழவன்கள். கொள்ளைக்காரர்கள் என்று நினைத்தானோ என்னவோ, ஒரு படி கீழே இறங்கிவிட்டான்.

"யாரு நீங்க?" என்றான்.

நீ எழுந்து நின்று, குல்லாவைக் கழற்றாமலே, "ட்ரையல் ரன் சார்" என்றாய்.

"எந்த மெஷினுக்கு?"

"ஆபரேட்டருக்கு சார்."

அவன் கதவைச் சாத்திக்கொண்டு இறங்கிப் போனான். கீழே போய் யாரிடமும் சொன்னதாகவும் தெரியவில்லை. சொன்னால் தன்னைத்தான் வெயில் தாக்கிவிட்டது என்பார்கள் என்று பயந்திருப்பான்.

அடுத்த ஜனவரியில் பத்து நாள் லீவு போட்டு நிஜமாகவே மலைக்குப் போனோம். அப்போது நீ ரிட்டயர் ஆக நாலைந்து மாதம்தான் இருந்தது. சுந்தரி முறுக்கும் மிளகுப்பொடியும் கட்டிக் கொடுத்து, "முதல்ல நீங்க ரெண்டு பேரும் உசுரோட திரும்பி வாங்க. அப்புறம் நான் வர்றதப் பத்திப் பேசலாம்" என்று அனுப்பினாள். பஸ்ஸை விட்டு இறங்கியதும் என் பல் தந்தி அடித்தது. உன்னைத் திரும்பிப் பார்த்தேன். நீ மூச்சை இழுத்துவிட்டு, "ஆகா!" என்றாய். நானும் வேறு வழியில்லாமல், "ஆகா!" என்றேன்.

மரகதத்தின் வீட்டில் ஒரு போர்ஷன் நிறையப் பூண்டு மூட்டை. மறு போர்ஷனில் நாம். மரகதம் குடியிருந்தது எதிர்வீட்டில். முதல்நாள் சாயங்காலமே கரண்டு போய்விட்டது. எதிர்வீட்டில் விளக்கு எரிகிறது, நம் வீட்டில் மட்டும் இல்லை. நீ உடனே சட்டையை மாற்றிக்கொண்டு, தலை சீவிக் கிளம்பினாய்.

"எங்கய்யா கெளம்பிட்ட?"

"கம்ப்ளெய்ண்ட் எழுதிட்டு வந்துடறேன்."

நீ வாசல்படி வரைக்கும் போனாய். அதற்கு அப்பால் வெள்ளையாகப் பனி, வேறொன்றும் இல்லை. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அப்படியே நின்றாய். எனக்கும் அப்போதுதான் உறைத்தது. முப்பது வருடமாக நம் வீட்டில் குழாய் ஒழுகினாலும், ப்யூஸ் போனாலும், முருங்கைக் கிளை ஒடிந்து வாசலில் விழுந்தாலும், கம்ப்ளெய்ண்ட் ஆபீஸில் போய் ஒரு வரி எழுதிவிட்டு வருவோம். தோளில் பையோடு ஆள் வருவார். அதற்கு மேல் நமக்கு ஒன்றும் தெரியாது. நீ எதிர்வீட்டுக்குப் போய் மரகதத்திடம் மிகவும் மரியாதையாக, "இங்க டவுன்ஷிப்பு கம்ப்ளெய்ண்ட் ஆபீஸு எந்தப் பக்கங்க?" என்று கேட்டாய். அவள் உன்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஒரு மரப்பெட்டி மேல் ஏறி, ப்யூஸ் கட்டையைப் பிடுங்கி, கம்பியைச் சுற்றி மாட்டினாள். விளக்கு எரிந்தது. அவ்வளவு பெரிய மெஷினை ஓட்டுகிற நாம் இருவரும் டார்ச் பிடித்துக்கொண்டு நின்றோம்.

"ரெண்டு அண்ணனும் எங்க வேலை பாக்குறீங்க?" என்று கேட்டாள்.

"மைன்ஸுல" என்றாய், ரொம்பச் சின்னக் குரலில்.

மறுநாள் பள்ளத்தாக்கைக் காட்ட அவளே கூட்டிக்கொண்டு போனாள். பனி விலகி, மலை மலையாக அடுக்கி, கீழே ஆறு வெள்ளிக் கம்பியாய்த் தெரிந்தது. பக்கத்தில் நின்ற டூரிஸ்ட் பெண்கள் போட்டோ எடுத்துத் தள்ளினார்கள். நீ இடுப்பில் கை வைத்து வெகுநேரம் பார்த்தாய். கண் கலங்கப் போகிறாயோ என்று நினைத்தேன். "நம்ம மைன்ஸ் மாரி எத்தினி இதுக்குள்ள போடலாம்?" என்றாய். நான் கணக்குப் போட ஆரம்பித்தேன். திரும்பி நடக்கும்வரை மேல்மண்ணை எந்தப் பக்கம் கொட்டுவது என்பதில் இருவருக்கும் சண்டை. மரகதம் தலையில் அடித்துக்கொண்டாள்.

கணப்பு அணையாமல் பார்த்துக்கொள்ள ஷிப்ட் போட்டுக்கொண்டோம். அதற்குத்தான் இந்த லாக் புக். "நைட் ஷிப்ட் எனக்கு, நீ தூங்கு" என்று பத்து நாளும் நீயே எடுத்துக்கொண்டாய். நண்பன் என்றால் இவன் அல்லவா என்று மூன்று கம்பளிக்கு உள்ளே நடுங்கிக்கொண்டே நான் உருகினேன். காலையில் நீ கேட்பாய், "தூக்கம் எப்பிடி?" என்று. "சூப்பர்" என்பேன். "உனக்கு எப்படி?" "சொர்க்கம்யா. இந்தக் காத்துக்கே ஆயுசு கூடும்" என்பாய்.

அப்புறம் குளியல். எதிர்வீட்டுக்குப் பின்னால் தகரக் குளியலறை. மரகதம் விறகடுப்பில் அண்டா நிறைய வெந்நீர் போட்டு வைப்பாள். ஆளுக்கு ஒரு வாளி. முதலில் நான் போவேன். தகரக் கதவைச் சாத்தினால் சட்டையைக் கழற்றவே கை எழும்பாது. இரண்டாம் நாளிலிருந்து நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். முகத்தையும் தலைமுடியையும் மட்டும் நனைத்துக்கொண்டு, குளியலறைக்குப் பின்பக்கம் போய் வாளித் தண்ணீரை ஓசைப்படாமல் மண்ணில் ஊற்றிவிட்டு, துண்டை உதறிக்கொண்டு, "ஸ்ஸ்... என்ன சுகம்!" என்று வருவேன். நீ தினமும் குளித்துவிட்டுச் சிவசிவ என்று, மன்னித்துக்கொள், ஏசுவே ஏசுவே என்று முகம் பளபளக்க வருவாய். உன்னைப் பார்க்கும்போது எனக்கு வெட்கமாக இருக்கும். இந்த மனுஷனுக்கு இந்த ஊர்தான் சரி, இவன் சந்தோஷத்தில் மண்ணைப் போட்டுவிடாதே என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். தனியாகப் போ என்று உன்னை அனுப்பவும் எனக்கு மனசு வரவில்லை. அந்தப் பத்தாம் நாள் பஸ்ஸுக்கு நிற்கும்போதுதான் உன் கையைப் பிடித்து, "வந்துரலாம்யா" என்றேன். உன் கை ஜில்லென்று இருந்தது.

நீ ரிட்டயர் ஆனாய். பச்சைக் கதவு வீட்டைக் காலி செய்தாய். ஆனால் மலைக்குப் போகவில்லை. மந்தாரக்குப்பத்தில் ஒரு மாடி அறையை எடுத்துக்கொண்டு, "நீயும் முடிச்சிட்டு வா, ஒண்ணாவே போய்க்கலாம்" என்றாய். எனக்காகக் காத்துக்கொண்டிருந்தாய். ஒரு திங்கட்கிழமை காலையில் தெருமுனைக் கடையில் இட்லி கட்டச் சொல்லிவிட்டு பெஞ்சில் உட்கார்ந்த நீ, இட்லி வருவதற்குள் போய்விட்டாய். நான் அப்போது மெஷினில் இருந்தேன். கீழேயிருந்து சொன்னார்கள். ரிலீவர் வருவதற்கு நாலு மணி நேரம் இருந்தது. அந்த நாலு மணி நேரமும் நான் ஓட்டினேன். மண்ணைத் தவிர எதையும் பார்க்கவில்லை. உன்மேல் எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. சார்ஜ் கொடுக்காமல் போகிற வழக்கம் உனக்கு எப்போதிருந்து வந்தது?

இப்போது நேற்றைக்கு, சனிக்கிழமைக்கு வருகிறேன். லாக் புக்கின் முதல் இரண்டு பக்கத்தை மட்டும் படித்திருந்தேன். "06.00 – பனி. 07.00 – பனி. 08.00 – பனி. 09.00 – எதிரே மலை தெரிந்தது. 09.05 – மலை தெரியவில்லை." அதற்கு மேல் படிக்க முடியாமல் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டேன். முடிவும் எடுத்துவிட்டேன். குளிரோ கூதலோ, சொன்ன சொல் சொன்னதுதான். பல்லைக் கடித்துக்கொண்டு மரகதத்துக்குப் போன் போட்டேன்.

"தங்கச்சி, நாங்க வர்றோம்மா. அண்ணன் ஆசைப்பட்ட வீடு. நானும் என் வீட்டம்மாவும் வந்திர்றோம்."

அந்தப் பக்கம் மரகதம் தொண்டையைக் கனைத்தாள்.

"அண்ணே, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்கிற மாட்டீங்களே?"

"கேளும்மா."

"இந்தத் தடவயாச்சும் குளிப்பீங்களா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"இல்லண்ணே, வெந்நிய நீங்க ஊத்துனது என் பூண்டுப் பாத்தியில. நாலே நாள்ல பாத்தி பூராம் அவிஞ்சுபோச்சு. சரி, விருந்தாளுக, வாயத் தொறக்கக் கூடாதுன்னு நானும் எங்க வீட்டுக்காரரும் ஜன்னல் வழியாப் பாத்துக்கிட்டே இருந்தோம். மொதல்ல நீங்க வந்து ஊத்துவீங்க. அஞ்சு நிமிசங்கழிச்சு அந்த அண்ணன் வந்து ஊத்துவாரு."

"யாரு ஊத்துனா?"

"அந்த அண்ணன்தான். நீங்களாச்சும் நின்னு நிதானமா ஊத்துவீங்க. அவரு ஓடியாந்து ஊத்திட்டு ஓடுவாரு. மூஞ்சியில மட்டும் எண்ணெயத் தடவிக்கிட்டுப் போவாரு, பளபளன்னு இருக்கணும்னு. ராத்திரி பூரா அடுப்புக்குள்ளயே கைய வச்சிருப்பாரு. 'ஏண்ணே, இந்தக் குளிரு ஒங்களுக்கு ஒத்துக்கிருமா'ன்னு நான் ஒருநாள் கேட்டதுக்கு, 'சத்தமாப் பேசாதம்மா, அவன் தூங்கிகினு இருக்கான்'னாரு."

போனை எப்போது வைத்தேன் என்று தெரியவில்லை. நேராகப் போய் லாக் புக்கை எடுத்தேன். பனி, பனி, பனி என்று பக்கம் பக்கமாகத் தள்ளினேன். பத்தாம் நாள், கடைசிப் பக்கம். ரிமார்க்ஸ் கட்டம் போதாமல் ஓரத்திலெல்லாம் ஓடியிருந்தது உன் கையெழுத்து.

"06.00 – பனி. ரிலீவர் தூங்குகிறார். ரிலீவருக்கு இந்த ஊர் மிகவும் பிடித்துவிட்டது. தினமும் குளிக்கிறார். எனக்குப் பிடிக்கவில்லை. கை விறைத்து எழுத வரவில்லை. ஆனால் ரிட்டயர் ஆனதும் அவர் கோவில்பட்டிக்குப் போய்விடுவார். அங்கே அவருக்குச் சொந்தபந்தம் உண்டு. நான் போய் அங்கே என்னவென்று உட்காருவது? இங்கே என்றால் இரண்டு பேருக்கும் ஒருவரையும் தெரியாது. சுவர் ஒன்று. எனவே இது நல்ல ஊர். மேற்படி விஷயம் ரிலீவருக்குத் தெரிய வேண்டாம்."

அடப்பாவி. அடப்பாவி மனுஷா.

நான் சிரித்தேன். சிரிக்கச் சிரிக்க இருமல் வந்தது. இருமல் நின்றபோது அழுதுகொண்டிருந்தேன். சத்தம் கேட்டு மாவுக் கையோடு ஓடிவந்த சுந்தரி, நோட்டை என் கையிலிருந்து பிடுங்கிப் படித்தாள். மரகதம் சொன்னதையும் சொன்னேன்.

"ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரே ஒரு செவுரு. இருபத்தாறு வருசமாத் தட்டித் தட்டி அதுல சுண்ணாம்பே உதிர்ந்துபோச்சு. எனக்குப் பிடிக்கலைன்னு ஒரு வார்த்த சொல்லிக்க முடியலையா உங்களுக்கு?" என்றாள். சொல்லிவிட்டு அவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கன்னமெல்லாம் மாவு.

அவள் கேட்டது நியாயம்தான். நான் கோவில்பட்டிக்குப் போவேன் என்று உனக்கு யார் சொன்னது? நான் எப்போதாவது சொன்னேனா? அங்கே எனக்கு இருப்பது ஒரு பங்காளியும் அவனோடு ஒரு வரப்புத் தகராறும்தான். நீ கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனே. பக்கத்திலேயே வடக்குத்தில் ஒரு வீடு எடுத்துக்கொண்டு, சாயங்காலமானால் வேர்க்க வேர்க்க உட்கார்ந்து டீ குடித்திருக்கலாமே. உன் கடைசிப் பத்து மாதத்தை அந்த மாடி அறையில் தனியாக வைத்துவிட்டேனே. அந்த ஒன்றை மட்டும் என்னால் சிரித்துத் தள்ள முடியவில்லை.

இன்று ஞாயிறு. காலையிலேயே மரகதத்துக்குப் போன் செய்து, வாத்தியார் குடும்பத்துக்கே வீட்டைக் கொடுத்துவிடச் சொல்லிவிட்டேன். அவள் ஒன்றும் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. "வாத்தியாரு குளிப்பாருல்ல?" என்று நான் கேட்டதற்கு விழுந்து விழுந்து சிரித்தாள். அவிந்த பூண்டுக்கு ஈடாக எங்கள் கொல்லையில் பழுத்திருக்கிற பலாப்பழம் ஒன்றை பஸ்ஸில் போட்டு அனுப்பச் சொன்னாள். அனுப்ப வேண்டும்.

அப்புறம் நானும் சுந்தரியும் வடக்குத்துக்குப் போய் ஒரு வீட்டைப் பார்த்தோம். வாசலில் வேப்பமரம். உள்ளே அனல். சுந்தரி கதவு, ஜன்னல், தண்ணீர்த்தொட்டி என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வீட்டுக்காரரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். "ரெட்டை வீடா? நடுச்சுவர் ஒண்ணுதானா?" ஆமாம் என்றார். அந்தப் பக்கத்துப் போர்ஷன் இன்னும் காலியாகத்தான் இருக்கிறதாம். சரி என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

இதை எழுதும்போது உன் குல்லாவைத் தலையில் மாட்டியிருக்கிறேன். வேர்வை கழுத்துவழி இறங்கி பனியனை நனைக்கிறது. கழற்றித் தொலையுங்கள், மயக்கம் போட்டு விழப்போகிறீர்கள் என்று அடுப்படியிலிருந்து சத்தம் வந்துகொண்டே இருக்கிறது. கழற்றுவேன், இன்னும் ஒரு வேலை பாக்கி.

உன் கடைசிப் பக்கத்தில் சார்ஜ் கொடுத்தவர் என்ற இடத்தில் நீ கையெழுத்துப் போட்டிருக்கிறாய். சார்ஜ் எடுத்தவர் என்ற இடம் இத்தனை நாளும் வெற்றாகவே கிடந்திருக்கிறது. நீ கொடுக்காமல் போய்விட்டாய் என்று நான் உன்னைத் திட்டியதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். எடுக்க வேண்டியவன் தூங்கிக்கொண்டிருந்தான். இப்போது கையெழுத்துப் போட்டுவிட்டேன். உன் ரிமார்க்ஸுக்குக் கீழே கொஞ்சம் இடம் இருந்தது. அதில் நானும் ஒரு வரி எழுதினேன்:

"எனக்கும் பிடிக்கவில்லை."

எழுதி முடித்து நோட்டை மூடி வைத்துவிட்டு, எழுந்து போய்ச் சுவரில் மூன்று தட்டுத் தட்டினேன். உன் பழைய வீட்டில் இப்போது குடியிருக்கிற பையன் பதறிக்கொண்டு வாசலுக்கு வந்து, "சார், எதாச்சும் வேணுமா?" என்றான்.

"ஒண்ணுமில்ல தம்பி, வந்துட்டேன்னு சொன்னேன்" என்றேன்.